நெஞ்சில் வைத்த கட்டைவிரல்

எங்கள் தீவின் ராஜா கினிராஸ்தான் பாபோஸ் அம்மன் கோயிலுக்குப் பூசாரியும். வாக்குக் கொடுப்பதில் தாராளம். டிராய்ப் போருக்குக் கப்பல் கேட்டு வந்தவர்களிடம், கோயிலில் அம்மனாய் நிற்கும் கல்லைத் தொட்டு, "அம்பது கப்பல் அனுப்புறேன்" என்று சத்தியம் செய்துவிட்டார். அவர்கள் தலை மறைந்ததும் மரத்தில் ஒரே ஒரு கப்பல் கட்டச் சொன்னார். மற்றதெல்லாம் களிமண் பொம்மைக் கப்பல்.

"மண்ணுன்னாலும் கப்பல் கப்பல்தான!" என்று சிரித்தார். அரண்மனையே சிரித்தது.

அந்த மண் வேலை குயத்தி ஒனாசாவின் தலையில் விழுந்தது. அவள் சூளையும் என் சூளையும் பக்கம் பக்கம். புருஷன் இல்லாதவள், வாய்த்துடுக்குக்காரி. அந்த ஒற்றை மரக்கப்பலில் துடுப்புப் போட அவளுடைய ஒரே மகன் தீமாஸைப் பிடித்துப்போனார்கள்.

கடலுக்குப் போகிறவனின் உருவை மண்ணில் செய்து, ஈரம் காய்வதற்குள் அதன் நெஞ்சில் அவனே கட்டைவிரலைப் பதித்து, சுட்டு, கோயில் முற்றத்தில் வைப்பது எங்கள் வழக்கம். திரும்பி வந்தால் அவனே அதைக் கடலில் போடுவான். வராவிட்டால் உடலுக்குப் பதில் அதைப் புதைப்போம்.

"ஏம்மா, என் காது இவ்வளவு அசிங்கமாவா இருக்கு?" என்றான் தீமாஸ்.

"ஆடு கடிச்ச காது வேற எப்படிடா இருக்கும்? விரலை வை."

கப்பல் கிளம்பும் காலை, ஒனாசா கோயில் முற்றத்திலிருந்து அந்த உருவை எடுத்துவந்து ஒரு மண் கப்பலில் ஏற்றி வைத்தாள்.

"ஏம்மா, உனக்குப் பித்தா? அவன் வந்துல்ல அதைக் கடல்ல போடணும்!" என்று கத்தினேன்.

"ராஜா மண்ணைக் கொடுத்து ஊரை ஏமாத்துறாரு. நான் கடலை ஏமாத்தக் கூடாதாண்ணே? இந்தத் தீமாஸைத் தின்னுட்டு என் தீமாஸை விட்டுரட்டும்."

கடலில் இறக்கிவிட்ட மண் கப்பல்கள் ஆழத்துக்குப் போனதும் மூழ்கின. மரக்கப்பலும் டிராய் போய்ச் சேரவில்லை. வழியில் புயலில் உடைந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை என்று சேதி வந்தது. மற்ற தாய்மார்கள் முற்றத்து உருக்களை மடியில் கட்டிக்கொண்டு போய்ப் புதைத்தார்கள். ஒனாசா வெறுங்கையோடு பின்னால் நடந்தாள். ராஜா விருந்துகளில் தன் தந்திரத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒருநாள் ஒனாசா என்னைக் கூப்பிட்டாள். பலகைமேல் ஈர மண்ணில் தீமாஸ் நின்றான். அதே மூக்கு, அதே கடிபட்ட காது.

"உங்க கை அவன் கை மாதிரி பெருசுண்ணே. ஒரு தடவை விரலை வைங்க."

வைத்தேன். வெகுநேரம் அந்தக் குழியையே பார்த்தாள். பிறகு ஈரத்துணியால் மெல்லத் துடைத்து அழித்தாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. இது அவன் இல்ல."

நெஞ்சு வழவழவென்றிருந்த அந்த உருவைத்தான் சுட்டுப் புதைத்தோம்.