அரைப்பேர் வீரர்கள்

எனக்குப் பயம் வந்தால் முதலில் காது சூடாகும். பிறகு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் கால் ஓடும். நான் அதன் பின்னால் போவேன். இப்படிப்பட்ட ஒருவன் வீரர் குழு ஒன்றில் நான்கில் ஒரு பங்காக இருந்தான் என்றால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. இருந்தேன். எழுபதுகளில், கேரளத்து வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில்.

என் தாய்மாமா துரை பங்களாவில் சமையல்காரர். துரையின் மகன் எங்கோ மலைப்பள்ளியில் தங்கிப் படித்தான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் காமிக்ஸ் புத்தகங்களோடு வருவான், போகும்போது விட்டுவிட்டுப் போவான். ஒரு மழைக்காலத்தில், சேர்ந்ததையெல்லாம் தூக்கி எறியச் சொல்லிவிட்டார்கள். மாமா அட்டைகளை மட்டும் கிழித்துக்கொண்டார். வழவழப்பான தாள், பங்களாவின் பின்னால் அவர் தங்கும் அறையின் பலகைச் சந்துகளில் குளிர் நுழையாமல் ஒட்டலாம். மீதி, சணல் கயிற்றில் கட்டிய ஒரே கட்டாக, கீழே தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு, தன் மகள் கைக்கு வந்தது.

மாமா மகளும் நானும் ஒரே வகுப்பு. இங்கிலீஷ் அவள் சொன்னபடி கேட்கும். என்னைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். அவள் வாசித்துக் கதை சொல்ல, நானும் பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி இருவரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம்.

கதை இதுதான். பெரிய பெரிய வீரர்கள். ஒவ்வொருவருக்கும் கூடமாட உதவ ஒரு பையனோ பெண்ணோ. எல்லாருக்கும் எங்கள் வயதுதான். ஒரு நாள் இந்த உதவிக்காரர்கள் தங்களுக்குள் சேர்ந்து, பெரியவர்கள் இல்லாமல் தனிக் குழு அமைத்துக்கொள்கிறார்கள். தலைவர் யார், வேலை யார் கொடுப்பது என்றெல்லாம் நாங்கள் குழம்பியபோது அவள் ஒரே வரியில் தீர்த்துவைத்தாள்.

"பெரியவங்களுக்கு முழுப்பேருலே. இவங்களுக்கு அரைப்பேரு."

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எஸ்டேட்டில் முழுச் சம்பளத்துக்கு முழுப்பேர். பதினைந்து முடிந்த பிள்ளைகளைக் குறைந்த சம்பளத்தில் சேர்த்தால் அரைப்பேர். குழந்தைக்கும் ஆளுக்கும் நடுவில் எங்கள் மலையில் இருந்த ஒரே பருவம் அதுதான். அந்தப் பருவத்தில் மேலங்கி போட்டுக்கொண்டு பறக்கவும் செய்யலாம் என்பது எங்களுக்குப் புதுச்செய்தி. தேயிலை பறிக்கும்போது மழைக்கு இடுப்பில் கட்டும் படங்கைத் தோளில் கட்டிக்கொண்டு உடனே நாங்களும் குழுவானோம். அண்ணன் தம்பிக்கு மலையைப் புரட்டும் பலம். மாமா மகள் காற்றைக் கையில் சுருட்டும் பெண். வேகமாக ஓடுபவன் நான். அட்டைப்பூச்சியைக் கண்டு நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத்தான் அந்தப் பதவி தந்தார்கள்.

கட்டின் மேலிருந்த புத்தகத்தில் குழுவில் ஏழு பேர். அடுத்ததில் ஆறு. அதற்கடுத்ததில் ஐந்து. ஒருவர் காணாமல் போனால் மற்றவர்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அப்படி ஒருவர் இருந்ததாகவே காட்டிக்கொள்வதில்லை. எங்களுக்கு அது விசித்திரமாகப் படவில்லை. எங்கள் வகுப்பும் அப்படித்தான் இருந்தது. லீவு முடிந்து போனால் ஒரு பெஞ்சு காலி. வாத்தியாரும் கேட்கமாட்டார், நாங்களும் பேசமாட்டோம். பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் வருடம், மாதம் என்று ஏதோ அச்சிட்டிருந்தார்கள். எறும்பை யார் படிப்பது?

நான்காம் புத்தகத்தில் காற்றுக்காரியைக் காணவில்லை. மாமா மகள் பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கட்டை மூடி, அன்றைக்குத்தான் எங்களிடம் சொன்னாள். அவள் அம்மாவான என் அத்தைக்கு வலது கை தூக்க முடியவில்லை, கொழுந்து பறிக்க ஆகவில்லை. பரீட்சை முடிந்ததும் அத்தைக்குப் பதிலாக அவள் அரைப்பேருக்குப் போகிறாள். ஒன்பதாவதோடு சரி.

"புக்குலயே போயிட்டா பாரு" என்றாள், பஸ் போய்விட்டது என்பதைப்போல.

என் காது சூடானது. மாமாவிடம் நானே பேசுவதாகச் சொல்லிவிட்டேன். சொன்னது என் வாய்தான்; நான் பக்கத்தில் நின்று அதிர்ச்சியோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

பங்களாவுக்கு லயத்துப் பிள்ளைகள் போகக்கூடாது. அங்கே ஒரு நாய் உண்டு. மறுநாள் மத்தியானம் போனேன். 'மாமா, அவளைப் பத்தாவது வரைக்கும் படிக்க விடுங்க' என்ற வாக்கியத்தை வழி முழுக்க மனப்பாடம் செய்தேன். நாய்க்காகக் கையில் ஒரு கல்லும் வைத்திருந்தேன். நாய் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, இவனுக்கெல்லாம் எழுந்திருப்பதா என்று மறுபடி மூடிக்கொண்டது. அந்த அவமானத்தில் வாக்கியத்தில் பாதி போயிற்று.

மாமா தன் அறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். "வா மாப்ளே. அத்தைக்கு ஏதும் ஆயிருச்சா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. மாமா முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தேன். சுவர் முழுக்க எங்கள் வீரர்கள். ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் கொட்டை எழுத்தில் ஒரு எண். ஒன்று என்று போட்டிருந்த அட்டையில் மூன்றே பேர். எண் ஏற ஏற அட்டையில் தலைகளும் ஏறிக்கொண்டே போயின. கடைசி எண்ணில் ஏழு பேர், தோளோடு தோள், இடமில்லாமல்.

புதுப் புத்தகத்தை மேலே போட்டுப் போட்டுச் சேர்த்த கட்டு அது. நாங்கள் மேலிருந்து படித்திருக்கிறோம். யாரும் போகவில்லை. ஒவ்வொருவராக வந்திருக்கிறார்கள்.

"கூடுது மாமா" என்றேன். "ஆளு குறையல. கூடுது."

மாமா கத்தியை வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்றதும்தான் அவருக்குக் கவலை வந்தது. நான் அந்த வாக்கியத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. உடம்பு உதற ஆரம்பித்தது, பல் கிட்டித்தது, கண்ணில் நீர் கொட்டியது. கடைசியில் வந்தது வேறு ஏதோ.

"அவ பெரட்டுக்குப் போயிட்டா நாங்க மூணு பேருதான் மாமா."

பெரட்டு என்பது விடிந்ததும் வேலைக்கு ஆள் எடுக்கும் களம். மாமா எழுந்தார். துரைக்கு வைத்திருந்த கட்லெட் இரண்டை ஒரு தட்டில் வைத்து என் முன்னால் தள்ளினார். அழுகை ஒரு பக்கம், கட்லெட் ஒரு பக்கம் என்று இரண்டையும் விடாமல் நடத்தினேன். ஆனால் அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மூச்சிரைக்கக் கீழே வந்து அவளிடம் அட்டை விஷயத்தைச் சொன்னேன். கட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியிலிருந்து வரிசையாக அடுக்கிப் பார்த்தாள்.

"அப்ப அவ போகலையா. வரத்தான் செஞ்சிருக்காளா" என்றாள். மறுபடி சணலால் கட்டிக்கொண்டே, "அது அவங்க ஊருலே" என்றாள்.

லீவு முழுக்க அத்தையின் படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போனாள். நாங்கள் மூவரும் குழுவாக விளையாடவில்லை. என்ன ஆகும் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. கேட்கும் தைரியம் எனக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு.

பள்ளி திறந்த அன்று பஸ் வந்து நின்றது. அண்ணன் தம்பி ஏறிவிட்டார்கள். அவளைக் காணோம். நான் படியில் ஒரு காலும் மண்ணில் ஒரு காலுமாக நின்றேன். கண்டக்டர் விசிலடித்தார். செருப்பைக் காணோம் என்றேன். செருப்பு காலில்தான் இருந்தது. அதை அவரே சுட்டிக்காட்டினார். இன்னொன்று என்றேன். இன்னொன்றையும் காட்டினார். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். டிரைவர் மலையாளத்தில் என் பரம்பரையை விசாரித்தார். நான் கம்பியை விடவில்லை. வீரத்தால் அல்ல, விரல் பிடித்துக்கொண்டுவிட்டது.

சரிவில் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி அவள் ஓடி வந்தாள். விரல்களில் கொழுந்துக் கறை. என்னைக் கையால் ஒதுக்கி ஏறினாள்.

"ஏறுலே. உனக்காகத்தான் எல்லாரும் நிக்காங்க."

அத்தைக்கு நாற்றுமேட்டில் பையில் மண் நிரப்பும் வேலை கிடைத்ததும், சனிக்கிழமைக்கும் லீவுக்கும் மட்டும் அவள் அரைப்பேர் என்று ஏற்பாடானதும் அப்புறம் தெரிந்தது. மாமா மனம் எப்படி மாறியது என்பதை வெகுகாலம் கழித்துத்தான் அத்தை சொன்னாள். நான் கட்லெட் தின்ற அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த மாமா சாப்பிடவில்லையாம். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அத்தையிடம் சொன்னாராம்: "போகாதவனே இப்படி நடுங்குதான். போறவ நடுங்குறத நாம பாக்கலியே."