எங்கள் கம்ப்யூட்டரில் குடியிருந்த கல்யாணங்கள்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இடமில்லை என்ற சேதி ஒரு சனிக்கிழமை மதியம் சமையலறைக்கு வந்தது. கொண்டுவந்தவள் என் அக்கா மகள். "சித்தி, அந்தப் பரீட்சை சாப்ட்வேரை ஏத்த முடியலைங்க. எடம் பத்தாதுன்னு வருதுங்க" என்றாள். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு போய்த் திரை முன்னால் நின்றேன். சிவப்புக் கோடு ஒன்று கடைசி முனை வரை போய் முட்டிக்கொண்டு நின்றது.

மறுநாள் காலை அவளுக்குப் பரீட்சை. பீளமேட்டில் ஒரு கம்பெனி வேலைக்கு, வீட்டிலிருந்தே எழுத வேண்டிய பரீட்சை. கேமராவைப் போட்டுக்கொண்டு தனி அறையில் உட்கார்ந்து எழுத வேண்டும். போனில் எழுத முடியாது. பிரவுசிங் சென்டருக்குப் போகக் கூடாது. அன்றைக்கு விட்டால் இன்னொரு நாள் தரமாட்டார்கள். அவளுடைய லேப்டாப்போ அவள் விட்டுவிட்டு வந்த புகுந்த வீட்டிலேயே தங்கிப்போயிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்க அவளுக்கு மனசில்லை. எங்களுக்கும்தான்.

அவளுடைய கல்யாணம் கோர்ட்டில் முறிந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மேட்டுப்பாளையத்தில் அவள் அப்பா அம்மா இருக்கிறார்கள், பாக்குத் தோப்பு இருக்கிறது, ஒன்றுக்கும் குறையில்லை. ஆனால் வாசலுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு சம்பந்தத்தோடுதான் வந்தார்கள். காது புளித்துப்போய் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் ராவும் பகலும் படித்தாள். இந்த வேலை கிடைத்தால் கோயமுத்தூரில் சொந்தக் காலில் நிற்கலாம். கிடைக்காவிட்டால் ஊருக்கு வந்துவிட வேண்டும், பெண் பார்க்க ஒருத்தர் காத்திருக்கிறார் என்று என் அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அக்காவைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவளுக்கு ஊர் வாய்க்குப் பயம். ஆனாலும் எனக்கு அந்த ஏற்பாடு கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"நானே வேண்டாததை எல்லாம் எடுத்துப்போடட்டுங்களா சித்தி?" என்று கேட்டாள். அதுவரைக்கும் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் சட்டென்று எழுந்துவிட்டார். "நீ போயிப் படிம்மா. அது ஒரே குப்பை. நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் எதற்காக அப்படிப் பதறினார் என்று எனக்குத் தெரியும். அவளுடைய கல்யாண வீடியோ அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது. அதை அவள் கண்ணில் காட்டக் கூடாது என்று அவள் வந்த நாள் முதல் நாங்கள் இருவரும் பேசிவைத்திருந்தோம். நானும் சேர்ந்துகொண்டு அவளை உள்ளறைக்கு அனுப்பிவிட்டேன்.

இந்த இடத்தில் எங்கள் கம்ப்யூட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மகன் படிக்கும்போது வாங்கியது. அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு அது என் கணவர் கைக்கு வந்து சேர்ந்தது. அவருக்குக் கணபதி பகுதியில் பம்புக்கு உதிரி பாகம் செய்கிற சின்னப் பட்டறை இருக்கிறது. பட்டறையில் ஒரு வளைந்த போல்ட்டைக்கூடத் தூக்கி எறியாத மனுஷர். அப்படிப்பட்டவரிடம் ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்தால் என்ன ஆகும்?

போதாததற்கு, எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளையையும் பெண்ணையும் சொந்தக்காரர்கள் வீடு வீடாக விருந்துக்கு அழைப்பார்கள். முன்பெல்லாம் பலகாரப் பையோடு வருவார்கள். இப்போது பலகாரப் பையில் ஒரு பெண்டிரைவும் வருகிறது. சாப்பிட்டு எழுந்ததும் கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டுவார்கள். இணைச்சீர்ச் சடங்கில் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ பட்டுடுத்திக்கொண்டு வந்து நிற்கிற இடம் வந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு பெண்டிரைவைச் சும்மா திருப்பிக் கொடுத்தால் மரியாதையாக இருக்குமா? "இருங்க மாப்ள, நம்ம கம்ப்யூட்டர்லயும் ஒண்ணு ஏத்திக்கறேன்" என்பார் என் கணவர். வந்தவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், அப்படிக் குளிர்ந்துபோகும். பார்க்கிறோமோ இல்லையோ, ஏற்றிக்கொள்வது முறை என்று ஆகிவிட்டது. பல்லடத்து மாமன் வீட்டுக் கல்யாணம், காங்கேயத்துக் கல்யாணம், கோபிக் கல்யாணம் என்று ஊர்ப் பெயர் போட்டுத் தனித்தனியாக வைத்திருந்தார். யார் வீட்டிலாவது வீடியோ தொலைந்துபோனால் எங்களுக்குத்தான் போன் வரும். அதில் அவருக்கு ஒரு பெருமை.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். முதலில் காலை வணக்கப் படங்கள். பூ, விளக்கு, சூரியன், மறுபடியும் பூ. யார் யாரோ அனுப்பியதெல்லாம் போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்து குடியேறியிருந்தன. அத்தனையையும் அழித்தேன். மகன் பள்ளிக்கூடத்தில் செய்த எரிமலைப் பாடம் இருந்தது. அதன் நகல் இருந்தது. நகலுக்கு ஒரு நகலும் இருந்தது. பழைய கரண்ட் பில், எப்போதோ பிரிண்டர் வாங்கியபோது இறக்கியவை, பாதியில் நின்றுபோன ஒரு சினிமா எல்லாவற்றையும் எடுத்தோம். இத்தனையும் செய்துவிட்டுப் பார்த்தால் சிவப்புக் கோடு ஒரு எறும்பு நகர்ந்த அளவுக்குத்தான் நகர்ந்திருந்தது.

"கல்யாணத்தை எடுத்தாத்தானுங்க எடம் வரும்" என்றேன்.

"கல்யாண வீடியோவை அழிக்கச் சொல்றயா? தாலி கட்டறது இருக்குது அதுல."

"அதுக்கு?"

"அந்தப் புள்ளைங்க நல்லா இருக்க வேண்டாமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. லேத்தில் மயிரிழை அளவுக்குக் கணக்குப் பார்க்கிற மனுஷர் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "காங்கேயத்து வீடியோவை ஒருக்கா தெரியாம அழிச்சுப்போட்டேன். அந்த வாரமே அந்தப் பொண்ணு பொட்டியத் தூக்கிட்டு அம்மா ஊட்டுக்கு வந்துருச்சு. பொறவு நான் அவங்ககிட்டயே கேட்டு வாங்கி மறுபடியும் ஏத்துனேன். திரும்பிப் போயிருச்சு" என்றார்.

"அது ஆடி மாசமுங்க. புதுப் பொண்ணை ஆடிக்கு அழைச்சுட்டு வந்திருப்பாங்க. ஆவணி பொறந்ததும் போயிருக்கும்."

ஆடியாகத்தான் இருந்திருக்கும் என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார். கல்யாணங்களை அழிக்க மாட்டார், குப்பைத் தொட்டிக்குள் மட்டும் போட்டு வைப்பார். ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டார். அவளுடைய மேட்டுப்பாளையம் கல்யாணத்தைப் போடும்போது உள்ளறைக் கதவை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். எல்லாம் போட்டு முடித்துப் பார்த்தால் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. முன்ரூமில் இருந்த மூட்டையைப் பின்ரூமுக்குத் தள்ளினால் வீடு காலியாகிவிடுமா?

"தொட்டியைக் காலி பண்ணணுமுங்க."

"அது மட்டும் முடியாது. தொட்டியில கெடந்தாலும் ஊட்டுக்குள்ளதான கெடக்குது. காலி பண்ணுனா போனது போனதுதான்" என்றவர் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார். "காந்திபுரம் போயி ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிட்டு வாரேன். எல்லாத்தையும் அதுல ஏத்திப்போடலாம்."

"ஏத்தி முடிக்கறதுக்குள்ள அவளுக்குப் பரீட்சை முடிஞ்சு போயிரும். இருக்கற குப்பையை வெக்கறதுக்கு இன்னொரு ஊடு கட்டறீங்களா?" என்று நான் குரலை உயர்த்திவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான். குரல் உள்ளறைக்குக் கேட்டுவிட்டது போலிருக்கிறது. மூன்று டம்ளர் டீயோடு அவள் வந்து நின்றாள்.

என் கணவர் திரையை மறைத்துக்கொண்டு நின்றார். அவருடைய உருவத்துக்கு ஒரு பீரோவையே மறைக்கலாம். ஆனாலும் அவள் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, "மறைக்க வேண்டாங்க சித்தப்பா. நான் வந்த வாரமே பாத்துட்டேனுங்க" என்றாள்.

நான் எழுந்துவிட்டேன். "பாத்துட்டு ஏன் கண்ணு ஒரு வார்த்தை சொல்லலை?"

"உங்க கம்ப்யூட்டருங்க சித்தி. நான் எப்படிங்க கை வெக்கறது?" சொல்லிக்கொண்டே டீ டம்ளர்களை எங்கள் பக்கம் நகர்த்தினாள். "இன்னும் அழிக்காம வெச்சிருக்கறதப் பாத்ததும், நான் என்னைக்காச்சும் அங்க திரும்பிப் போயிருவேன்னு நீங்க ரெண்டு பேரும் எதிர்பாக்கறீங்களோன்னு நெனச்சேனுங்க. அதான் சீக்கிரம் ஒரு வேலையைத் தேடிட்டு ஹாஸ்டலுக்குப் போயிரலாம்னு இருந்தேன்."

அவள் மனம் நோகக் கூடாது என்று நாங்கள் ஒளித்தோம். எங்கள் மனம் நோகக் கூடாது என்று அவளும் சொல்லாமல் இருந்தாள். இத்தனை மாதமும் ஒரே கூரையின் கீழே அந்தப் பிள்ளை தன்னை விருந்தாளி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு இந்தப் பாழாய்ப்போன மரியாதையைத் தூக்கி உடைப்பில் போட வேண்டும் என்று இருந்தது.

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லம்மா" என்று என் கணவர் தடுமாறினார். "கல்யாண வீடியோவை அழிக்கக் கூடாது, அழிச்சா அது நிலைக்காதுன்னு எனக்கு ஒரு நெனப்பு. அதுக்குத்தான்..."

"அழிக்காமத்தானுங்களே சித்தப்பா வெச்சிருந்தீங்க. நின்னுச்சுங்களா?"

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அவர் வண்டிச் சாவியை இருந்த இடத்தில் மாட்டிவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு, "உக்காரும்மா" என்றார்.

அவள் மேட்டுப்பாளையம் கல்யாணத்தைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துத் திறந்தாள். வீடியோவைத் தொடவில்லை, போட்டோக்களை வேகமாகத் தள்ளிக்கொண்டே போனாள். மாலை, மேடை, வரிசை வரிசையாகச் சொந்தக்காரர்கள். எதிலும் அவள் விரல் நிற்கவில்லை. காலைப் பந்திப் படம் ஒன்றில் நின்றது. அலங்காரத்துக்கு முன்னால் எடுத்தது, தலையில் ஈரத் துண்டு, வாய் நிறைய இட்லி, கண் சுருங்கிப்போகிற அளவுக்குச் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை எங்கள் வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

"யாரு கண்ணு அப்படிச் சிரிக்க வெச்சது?"

"நீங்கதானுங்க சித்தி. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க அடிச்சிட்டு வந்த செண்டு வாசத்துக்குச் சாம்பாரே கெட்டுப்போகும்னு சொன்னீங்க."

எனக்குச் சுத்தமாக நினைவில்லை. ஆனால் என் வாய் அதைச் சொல்லக்கூடியதுதான். என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவள் அந்த ஒரு படத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள். "இது மட்டும் இருக்கட்டுங்க. இதுல நான் இருக்கறேன்" என்றாள். மிச்சத்தை மொத்தமாகப் பிடித்துத் தொட்டியில் போட்டுவிட்டு, எழுந்து நின்று, "மத்தவங்க கல்யாணமும் இதுக்குள்ள கெடக்குதுங்க. நீங்களே அமுத்துங்க சித்தப்பா" என்றாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து சுட்டியைப் பிடித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். சத்தியமாகக் கண்ணை மூடினார், நான் பார்த்தேன். பச்சைக் கோடு ஓடி முடிந்த கையோடு போன் அடித்தது. பல்லடத்து மாமன். என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அங்க எல்லாரும் நல்லா இருக்கறாங்களா மாமா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார். அவர்கள் பேத்திக்கு அடுத்த மாதம் காதுகுத்து வைத்திருக்கிறார்களாம், அதைச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார். போனை வைத்துவிட்டு இவர் மூச்சு விட்ட சத்தத்தில் அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். டீ ஆறிப்போயிருந்தது, அப்படியே குடித்தோம்.

அந்தச் சாப்ட்வேர் ஒரு தகராறும் செய்யாமல் ஏறி உட்கார்ந்தது.

மறுநாள் காலை அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் மிக்சியைத் தொடவில்லை, குக்கர் வைக்கவில்லை. பக்கத்து வீட்டு நாய் குரைத்தபோது என் கணவர் மதில் ஓரமாகப் போய் அதற்கு பிஸ்கட் போட்டுவிட்டு வந்தார். இரண்டு பேரும் ஹாலில் சைகையில் பேசிக்கொண்டோம். மகன் பரீட்சை எழுதியபோதுகூட நான் இப்படிக் காத்துக் கிடந்ததில்லை.

வேலை கிடைத்த சேதி பிறகு வந்தது. அக்கா போனில் அழுதாள், பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களுக்கு வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டாள். அக்கா மகள் ஹாஸ்டலுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டிலிருந்துதான் பீளமேட்டுக்கு பஸ் ஏறுகிறாள். இதெல்லாம் நல்ல சேதிதான், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் என் மனதில் நிற்பது அந்த ஞாயிற்றுக்கிழமை காலைதான்.

பரீட்சை முடிந்து கதவு திறந்தது. வெளியே வந்தவள் நேராகச் சமையலறைக்குப் போய் அடுப்பு முன்னால் நின்று, "சித்தி, பசிக்குதுங்க. என்ன இருக்குது?" என்று கேட்டாள். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த வார்த்தையை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. போட்டால் சாப்பிடுவாள், போதும் என்பாள், தட்டைக் கழுவி வைத்துவிடுவாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோசைக்கல்லைப் போட்டேன். கண் நிறைந்துவிட்டது, மாவு எங்கே ஊற்றுகிறேன் என்றே தெரியவில்லை.

"எப்படிம்மா எழுதுன?" என்று வாசற்படியிலிருந்து என் கணவர் கேட்டார்.

"நல்லா எழுதியிருக்கறேனுங்க சித்தப்பா" என்றாள், வாயில் தோசையோடு. "சித்தியை இன்னொண்ணு ஊத்தச் சொல்லுங்க. முறுகலா வேணும்."