சங்கரன்கோவில் ஆடிச்சுற்றில் ஒரு சர்பத்

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து சங்கரன்கோவில் ஐம்பத்தாறு கிலோமீட்டர். பஸ்ஸுக்கு நாலரை ரூபாய். எண்பத்திரண்டாம் வருஷம், ஆடித்தபசுக்கு முந்தின நாள் காலை பதினோரு மணிக்கு நானும் என் மனைவி பிச்சம்மாளும் ஏறி உட்கார்ந்தோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மானூர் தாண்டியதும் ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் கண்ணில் செம்மண்தான் பறந்தது.

போகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அரியும் அரனும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்று அம்மாள் ஒற்றைக் காலில் தவம் நின்ற ஊர் இது. தபசு அன்றைக்குச் சாயங்காலம் அந்தக் காட்சி. அதுவரை சனங்கள் நேர்ந்துகொண்டு பிரகாரத்தைச் சுற்றி வருவார்கள். அதற்கு ஆடிச்சுற்று என்று பெயர். கால் வலித்தாலும் உட்காரக் கூடாது என்பது பலருடைய கட்டுப்பாடு.

நான் சுற்றப் போகவில்லை. பயந்து போனேன். எனக்குச் சர்க்கரை வந்து எட்டு வருஷம். மாத்திரைக்கு மசியாமல் போனதால், பாளையங்கோட்டை டாக்டர் இனி ஊசிதான் என்று சொல்லிவிட்டார். மருந்தும் விருந்தும் மூன்று நாள் என்று கேட்டு வளர்ந்தவன் நான். இதுவோ உயிர் உள்ளளவும் போடுகிற மருந்து.

டாக்டர் உடனே போட்டுவிடவில்லை. கண்ணைப் பார்த்தார், மூத்திரமும் ரத்தமும் எடுத்து மூத்திரக்காய் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். நாட்டு மருந்து ஏதும் தின்கிறேனா, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். வீட்டில் கூட இருப்பது யார் என்று கேட்டுப் பிச்சம்மாளையும் உள்ளே கூப்பிட்டார். "ஊசி போட்டா அரை மணிக்குள்ள சாப்பிட்டுரணும். சாப்பாடு தப்பினா சர்க்கரை மடமடன்னு இறங்கிரும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். அப்ப உடனே இனிப்பு குடுக்கணும். நினைவு தப்பிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, தூக்கிட்டு ஓடி வாங்க." கடைசியாக, "விரதம் உண்டா?" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

அதற்குள், ஊசி போட்டுக்கொள்கிற ஒரு மனுஷனைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இந்தப் பயணம். என் சகலன் சுப்பையா சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் தரகர். ஒரு மாதமாக ஊசி போடுகிறார்.

பகல் ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். சுப்பையா வாசலிலேயே என் முகத்தைப் படித்துவிட்டார்.

"என்னவே அண்ணாச்சி, கசாப்புக் கடைக்கு வந்த கெடா மாதிரி முழிக்கீரு?"

"ஊசின்னா பயமாத்தான் இருக்கு."

"எறும்பு கடிச்சாப்பல இருக்கும். காலம்பற பாரும்."

மறுநாள் காலை ஆறு மணி. அவர் மனைவி ஆவுடை, பிச்சம்மாளின் தங்கை, கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிக்கிற தண்ணீரிலிருந்து இடுக்கியால் எடுத்தாள். மருந்துக் குப்பி அடுக்களை மூலையில், ஈர மணல் பரப்பிய சின்னப் பானைக்குள் இருந்தது. வெயிலில் மருந்து கெட்டுவிடுமாம். குழலில் இரண்டு வகைக் கோடுகள் இருந்தன. மருந்துக்கு ஏற்ற கோட்டைப் பார்க்காவிட்டால் இரட்டிப்பாக ஏறிவிடும் என்று சுப்பையா சொன்னார். அவர் தொடைச் சதையைக் கிள்ளிப் பிடித்தார், குத்தினார், எடுத்தார். ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சாப்பிடலையா?" என்றேன்.

"ஆச்சு, ஆச்சு. நீங்க காப்பி குடிங்க," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

நாங்கள் கோயிலுக்குப் போனபோது எட்டரை இருக்கும். வாசலில் கூட்டம் நெரிந்தது. வயற்காட்டுச் சனங்கள் பருத்தியும் மிளகாய் வத்தலும் மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், சாயங்காலம் அம்மாள் மேல் வீசிச் சூறை விட. பிரசாதமாகப் புற்றுமண் வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டேன், நாக்கிலும் கொஞ்சம் வைத்தேன். பிரகாரத்தில் ஈரத்துணியோடு ஆட்கள் ஓட்டமும் நடையுமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சுப்பையா எங்க?" என்று ஆவுடையிடம் கேட்டேன்.

"சுத்துதாக. இன்னைக்கு அவுகளுக்குப் பட்டினி விரதம்லா அத்தான். தபசுக் காட்சி பாத்த பெறவுதான் பல்லுல பச்சைத் தண்ணி படும்."

ஆறு மணிக்கு ஊசி. மணி இப்போது எட்டரை. நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு நடந்தேன்.

வடக்குப் பிரகாரத்தில் குலவைச் சத்தம் கேட்டது. நடுவில் சுப்பையா. ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தார். வேட்டி நனைந்து ஒட்டியிருந்தது. கண் எங்கோ நிலைகுத்தி நின்றது. சுற்றி நின்ற பெண்கள் கும்பிட்டார்கள். யாரோ நெற்றி நிறையத் திருநீறு அள்ளிப் பூசினார்கள்.

"ஆத்தா வந்துட்டா! வழி விடுங்க, ஆத்தா வந்துட்டா!"

ஒரு நடுவயதுப் பெண் அவர் காலடியில் விழுந்தாள். "தாயே, மெட்ராசுக்குப் போன எம்மவன் வருவானா?"

சுப்பையாவின் வாய் குழறியது. "வ...ருவான்," என்றார். அந்தப் பெண் ஓவென்று அழுதுவிட்டாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கோ டாக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அந்த உடம்பில் நின்று ஆடுவதாகத் தெரிந்தது. நடுக்கம். வேர்வை. குழறல். அடுத்தது நினைவு தப்புவது. அதற்குப் பிறகு வாயில் எதையும் ஊற்ற முடியாது.

எப்படி ஓடினேனோ தெரியாது. வாசலில் சர்பத் வண்டி. "சீனி கூடப் போடும்வே, நிறைய!" என்று கத்தினேன். கிளாஸ் நாற்பது பைசா. மீதிச் சில்லறைக்கு நிற்கவில்லை. அந்த ஆள், "ஏ அண்ணாச்சி, கிளாஸு! கிளாஸு!" என்று பின்னாலேயே வந்தார்.

சுப்பையாவின் உதட்டருகே கொண்டு போனபோது ஆவுடை என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"வேண்டாம் அத்தான். விரதம் முறிஞ்சிரும். அவுக மேல ஆத்தா நிக்கா. பாவத்தைக் கட்டிக்கிடாதிய."

கூட்டமும் முணுமுணுத்தது. "யாருலே இவன், சாமி குறி சொல்லுத நேரத்துல?" என்றது ஒரு குரல். எனக்கும் பயம்தான். அம்மாளாக இருந்தால் நான் செய்வது துரோகம். அம்மாள் இல்லையென்றால் இந்த மனுஷன் சாகிறார். சர்க்கரையைப் பற்றி இங்கே பிரசங்கம் செய்ய நேரமில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஆவுடை, ஆத்தாதான்னு வச்சுக்கோ. ஒத்தக் கால்ல தவம் நிக்கவளுக்குத் தாகம் எடுக்காதா?"

அவள் என்னைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். மணிக்கட்டை விட்டுவிட்டு கிளாஸை வாங்கிக்கொண்டாள். "குடி தாயே," என்று இடது கையால் அவர் தலையை நிமிர்த்தி உதட்டில் வைத்தாள். சாமிக்கு நிவேதனம் என்றதும் கூட்டம் குலவை போட்டது. சுப்பையா ஒரு வாய் விழுங்கினார். பாதி நெஞ்சில் வழிந்தது. இன்னொரு வாய். சர்பத்காரர் நிலைமை புரிந்து தானே ஓடிப் போய் இரண்டாவது கிளாஸ் கொண்டு வந்தார்.

கால் மணி நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது போல நீண்ட கால் மணி என் ஆயுசில் இல்லை. மெல்ல நடுக்கம் நின்றது. கண் எங்கள் பக்கம் திரும்பியது.

"ஏட்டி ஆவுடை, யாரு என் மேல தண்ணி ஊத்துனது?"

அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ரத வீதியில் ஒரு டாக்டரிடம் ரிக்‌ஷாவில் கூட்டிப் போனோம். அவர் பார்த்துவிட்டு, முதலில் வயிறு நிறைய இட்லி தின்ன வைத்தார், பிறகு திட்டினார். "ஊசியப் போட்டுட்டுப் பட்டினியா? இன்னும் கொஞ்சம் போயிருந்தா கட்டைலதான் கொண்டு போயிருக்கணும். விரதம்னா உங்க டாக்டர்ட்ட முன்னாடியே சொல்லக் கூடாதா?"

வெளியே வந்ததும் நானும் அதையே கேட்டேன். சுப்பையா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு நாளும் ஊசியத் தவற விடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. விரதத்தத் தவற விடக்கூடாதுன்னு ஆத்தாகிட்ட நேந்திருந்தேன். ரெண்டு பேரு சொல்லையும் தட்டக் கூடாதுன்னு பாத்தேன் அண்ணாச்சி."

நான் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டேன்.

சாயங்காலம் தபசுக் காட்சியைத் தூரத்தில் நின்று பார்த்தோம். பருத்தியும் வத்தலும் காற்றில் பறந்தன. மகனைக் கேட்ட அந்தப் பெண் எப்படியோ சுப்பையாவைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தை அவர் கையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். வருவான் என்று அம்மாள் சொல்லிவிட்டாளாம். நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஏழரை மணி பஸ்ஸில் திரும்பினோம். போகும்போது ஊசியின் முனையைக் கண்டு பயந்தேன். திரும்பும்போது அந்தப் பயம் இருந்த இடமே தெரியவில்லை, அங்கே வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. எங்கள் டவுன் தெருவில் மாதத்துக்கு நாலு பேர் மேல் சாமி வரும். சர்க்கரை இறங்கி நான் நடுங்கினாலும் குலவைதான் போடுவார்கள்.

தேவர்குளம் தாண்டியபோது பிச்சம்மாள் மெதுவாகக் கேட்டாள்: "திங்கக்கிழமை டாக்டர்ட்ட உங்க சஷ்டி விரதத்தைச் சொல்லுவியளா?"

"சொல்லுதேன். நீயும் தெருவுல எல்லார்ட்டயும் ஒண்ணு சொல்லி வச்சிரு."

"என்ன?"

"என் மேல ஆத்தா வந்தா, மொதல்ல சர்பத்தைக் குடுங்க. குறியைப் பெறவு கேளுங்க."

அவள் சிரிக்கவில்லை. இருட்டில் என் கையை எடுத்து, நடுங்குகிறதா என்று பார்ப்பது போல் இறுகப் பிடித்துக்கொண்டாள். ஜங்ஷன் வரும்வரை விடவே இல்லை.