ஒரே ஒரு கல்லில் இருந்த சொல்

புளத்கொகுபிட்டிய டவுனில் போட்டோகொப்பி எடுக்கப் போன கடையில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, தேயிலைக் கொழுந்துக் கறை போகாத விரல்கள். மூலையிலிருந்த கணினியில், எப்போதோ அழிந்துபோன ஒரு மொழியின் சொற்களை இணைய அகராதி ஒன்றுக்காகக் கூலிக்குத் தட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லையும் அனுப்புமுன் உதட்டுக்குள் ஒருமுறை சொல்வார். எனக்கு வேடிக்கையாக இருந்தது.

"எதுக்கும்மா சொல்லிப் பாக்குறீங்க?"

"பேச ஆளில்லாத பாஷைங்க. ஒருக்காவாச்சும் யாராவது சொல்லட்டுமே."

"ஆளே இல்லாதப்ப சொல்லு மட்டும் எப்படிக் கெடைச்சிச்சு?"

"கல்லறைக் கல்லுல எழுதி வச்சிருந்தாங்களாம். இந்தா பாருங்க, இதுக்கு மகள்னு அர்த்தம். ஒரே ஒரு கல்லுலதான் இருக்காம்."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தொடர்ந்தார். "எங்க லயத்து வீடுகள மண்சரிவு மூடினப்ப எம்மவளும் உள்ளதாங்க. நாலாம் நாளு தோண்டுறத நிப்பாட்டிட்டாங்க. ஒரு கல்லு நடக் கேட்டோம். தோட்டத்துக்காரங்க அந்த மண்ணு மேலயே தேயில நட்டுட்டாங்க. காலையில அங்கதான் கொழுந்து பறிக்கிறேன்."

பிறகு அந்தச் சொல்லை உதட்டுக்குள் சொன்னார். அனுப்பவில்லை. மறுபடியும் சொன்னார். பிரதிகளை வாங்கிக்கொண்டு நான் படியிறங்கும்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சொல் எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. வாய்விட்டுச் சொல்லத்தான் துணிவில்லை.