லியூலினுக்குப் போன ஜான்சி

சித்தார்த் வெல்டிங் வேலைக்குப் பல்கேரியா போன மறுவருஷம், சிதம்பரத்தில் அவன் அப்பா தட்சிணாமூர்த்தி மருமகள் ஜான்சியின் துணிமணிகளை எடுத்துத் தெருவில் வைத்தார்.

"எம்புள்ள எல்லாத்தையும் சொல்லிட்டான். எவனோடவோ சகவாசம் வச்சிக்கினு இந்த ஊட்ல இருக்க முடியாது. கெளம்பு."

அப்படி எவனும் இல்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. சித்தார்த்துக்குப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை, பிறகு பிளாக்கே பண்ணிவிட்டான்.

கடலூர் முதுநகரில் அம்மா சவரியம்மாளின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மாதாவிடம் ஜெபிக்கச் சொன்னாள் அம்மா. ஜான்சி ஜெபித்தாள். கேட்டது மன்னிக்கிற மனசை அல்ல.

சித்தார்த்தோடு பல்கேரியாவில் வேலை பார்த்துவிட்டுப் பண்ருட்டிக்குத் திரும்பியிருந்த பாலகுமாரைத் தேடிப்போய் விசாரித்தாள். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அங்க தலைநகரு சோஃபியாவுல லியூலின்னு ஒரு ஏரியாக்கா. அங்க ஒரு பொண்ணோட இருக்கான். கல்யாணமே ஆவலன்னு சொல்லி வச்சிருக்கான்."

"எந்த பில்டிங்கு?"

"எதுக்குக்கா அதெல்லாம்?"

"சொல்லு பாலா."

சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவள் வேலை பார்த்திருந்தாள். சோஃபியாவில் ஓட்டல் சலவைக்கு ஆள் எடுப்பதாகப் புதுச்சேரியில் ஓர் ஏஜென்சி விளம்பரம் செய்ததும் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

"அவன் போயி கெட்டது போதாதாடி?" என்றாள் சவரியம்மாள்.

"அவன் எப்பிடி கெட்டான்னு பாக்கத்தாம்மா போறேன்."

சோஃபியாவில் இறங்கிய பிறகு கிடைத்த முதல் விடுமுறையில் மெட்ரோ ஏறினாள். லியூலினில் எல்லாக் கட்டடங்களும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி, சாம்பல் நிறத்தில், உயரமாக நின்றன. சுவரில் எழுதியிருந்த எண்ணை வைத்துத்தான் அடையாளம். பெஞ்சுகளில் கிழவிகள் வெயில் காய்ந்தார்கள். பாலகுமார் சொன்ன எண்ணைக் கண்டுபிடித்தாள். யாரோ வெளியே வர, திறந்த கதவு வழியாக உள்ளே நுழைந்து, அவன் சொல்லியிருந்த வீட்டின் மணியை அடித்தாள்.

கதவைத் திறந்தது அந்தப் பெண். ஜான்சி வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த பல்கேரிய வாக்கியத்தைச் சொன்னாள்.

"அஸ் சம் ஜெனா மு."

நான் அவன் பெண்டாட்டி. கூடவே போனில் கல்யாணப் படத்தையும் நீட்டினாள்.

பின்னால் வந்த சித்தார்த்தின் முகம் வெளுத்தது. "ஜான்சி! நீ எப்பிடி இங்க?"

"ஒங்கப்பாவுக்கு வீடியோ கால் போடு. நீ சொன்னது பொய்யின்னு சொல்லு. சொல்லலன்னா தெனமும் வந்து இந்தக் கதவத் தட்டுவேன்."

அந்தப் பெண் அவனிடம் ஏதோ கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டே போனை எடுத்தான்.

தட்சிணாமூர்த்தி திரையில் வந்ததும் ஜான்சி குறுக்கே புகுந்தாள். "மாமா, ஸ்பீக்கர்ல போட்டு தெருவுக்கு எடுத்துக்கினு வாங்க. என்னைத் தொரத்தனப்ப யாரெல்லாம் நின்னாங்களோ அவுங்க கேக்கணும்."

அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் விடவில்லை. கடைசியில் தெருவுக்கு வந்தார். பக்கத்து வீட்டார் கூடினார்கள்.

"ஜான்சி மேல எந்தத் தப்பும் இல்ல. நாந்தான் பொய் சொன்னேன்," என்றான் சித்தார்த்.

"அவுங்களுக்குக் கேக்கல. இன்னொரு வாட்டி."

கத்திச் சொன்னான். குரல் உடைந்தது. அதைக் கேட்க ஜான்சிக்கு வெல்லம் தின்ற மாதிரி இருந்தது.

"இப்ப திருப்தியா?"

"இல்ல."

அடுத்த மாதம் அதே கட்டடத்தில், நேபாளப் பெண்கள் இருவரோடு பங்குக்கு ஓர் அறை பிடித்தாள். லிஃப்டில் சித்தார்த் எதிர்ப்படும்போதெல்லாம் "நல்லாருக்கியா மாமா?" என்று சத்தமாகக் கேட்பாள். அந்தப் பெண் அவனை விட்டுப் போய்விட்டாள். வசந்தம் வருவதற்குள் அவனும் லியூலினைக் காலி செய்துகொண்டு பிளோவ்திவ் நகரத்துக்கு ஓடினான்.

"போதும்டி. மன்னிச்சுட்டு வந்துரு," என்கிறாள் சவரியம்மாள் போனில்.

"ஒப்பந்தம் முடியட்டும், வர்றேம்மா," என்கிறாள் ஜான்சி. மன்னிப்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. பிளோவ்திவுக்கு ரயிலில் எவ்வளவு நேரம் என்று சலவையறையில் விசாரித்து வைத்திருக்கிறாள்.