மேட்டு ஆஸ்பத்திரியில் ஸேத்தின் பூட்ஸ்

ஹில்டா ஆர்மராட் பல வருஷமாகத் துடைத்துவந்த வார்டுக்கே அவள் கணவன் ஸேத்தை நோயாளியாகக் கொண்டுவந்தார்கள். நிமோனியா. ஆம்புலன்ஸ் வாசல் வளைவுக்குள் நுழைந்ததும் அவன் கண்களை மூடிக்கொண்டான்.

மேட்டின் மேல் நின்ற அது இப்போது அரசாங்க ஆஸ்பத்திரி. ஆனால் இங்கிலாந்தில் லங்காஷயரின் அந்த நூற்பாலை ஊரில் வயதானவர்களுக்கு அது இன்னமும் விக்டோரியா ராணி காலத்து ஏழைவிடுதிதான். போக்கிடம் இல்லாதவர்களை அடைத்த இடம். விடுதியில் நோயில் விழுந்தவர்களுக்காகப் பின்னால் கட்டியது இந்தக் கட்டடம். ரயில் பெட்டி போல நீண்ட வார்டுகள். காற்று தேங்காமல் ஓட எதிரெதிரே ஜன்னல்கள், எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே. வெளிச்சம் வரும், வெளியே ஒன்றும் தெரியாது. ஆண்கள் பகுதிக்கும் பெண்கள் பகுதிக்கும் நடுவே கருங்கல் சுவர்.

ஸேத் சிறுபிள்ளையாகத் தாயோடு இங்கே வந்தவன். குளிப்பாட்டி, சொந்தத் துணியை மூட்டை கட்டி வாங்கிக்கொண்டு, விடுதிச் சட்டையை மாட்டிவிட்டார்கள். விடுதியை விட்டுப் போகிறவனுக்குத்தான் அந்த மூட்டை திரும்பக் கிடைக்கும். தாய் சுவருக்கு அந்தப் பக்கம் போனாள். பிறகு அவளை அவன் பார்க்கவில்லை. ஹில்டா இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவன் தடுக்கவில்லை. மழை நாளில் குடை கொண்டுவந்தால் மட்டும் சாலையின் எதிர்ப்பக்கத்திலேயே நிற்பான்.

இப்போதும் குளிப்பாட்டினார்கள். துணியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிச் சட்டையை மாட்டினார்கள்.

"என்னை இங்க தள்ளி விட்டுட்டியா?" என்றான்.

"அந்தக் காலமெல்லாம் போயாச்சு, ஸேத். உடம்பு தேறினதும் வீட்டுக்குத்தான்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அவளிடம் பேசவேயில்லை.

"உன் ஆளு ஊமையாம்மா?" என்றார் பக்கத்துக் கட்டில் கிரிம்ஷா. "என் பொண்டாட்டி இப்படி ஒருத்தனுக்குத்தான் ஆயுசு பூரா ஏங்கினா."

அவன் இந்த வாரத்தைத் தாண்ட மாட்டான் என்று டாக்டர் ஹில்டாவிடம் சொல்லிவிட்டார். அவளுக்கு அழுகை வரவில்லை. அவள் தன்னைக் கைகழுவிவிட்டதாக நினைத்துக்கொண்டே அவன் போய்விடுவான் என்பது மட்டும் மனதில் கல்லாகக் கிடந்தது.

"சிஸ்டர், அவரோட துணியைக் கட்டில் பக்கத்துலயே வச்சுக்கலாமா?"

"இது வார்டு, மிஸஸ் ஆர்மராட். துணிக்கடை இல்ல."

மாடிப்படிக்கு அடியில் சாமான் அறை. விடுதிக்காரர்களின் மூட்டைகளை வைத்த அதே மரத்தட்டுகள். ஹில்டா அவன் பூட்ஸை எடுத்துக் காலி பக்கெட்டில் போட்டுத் துடைக்கும் துணியால் மூடினாள்.

"பக்கெட்டுல என்னம்மா, வறுத்த மீனா?" என்றார் கிரிம்ஷா.

"வாயை மூடிக்கிட்டுப் படும் ஓய்."

பூட்ஸை அவன் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள். சொந்தப் பூட்ஸ் கையில் இருப்பவனை இங்கே யாரும் பிடித்துவைக்க முடியாது. அது அவனுக்குத் தெரியும். வெகுநேரம் அதையே பார்த்தான். பிறகு போர்வைக்கு வெளியே காலை நீட்டினான். ஹில்டா மண்டியிட்டு மாட்டிவிட்டாள்.

"ரொம்ப இறுக்காதே, ஹில்டா."

அவள் கயிற்றைத் தளர்த்தினாள்.

சிஸ்டர் வந்தாள். வெள்ளை விரிப்பின் மேல் கிடந்த பூட்ஸ் கால்களைப் பார்த்தாள். "விரிப்பை நீங்கதான் துவைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் இறந்தான். அடக்கம் முடிந்த மறுநாள் ஹில்டா வேலைக்கு வந்தாள். அந்தக் கட்டிலில் வேறு யாரோ காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். காலைக் கொஞ்சம் தூக்கச் சொல்லிவிட்டு அடியில் துடைத்தாள்.