பதினோராவது நாளுக்கான கார்டு

லிஃப்டில் ஆள் ஏறுவதற்கு முன் இரும்பு ஏற வேண்டும். எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதிய கூண்டில் பத்துப் பேர் எடைக்கு இரும்புக் கட்டிகளை அடுக்கி, மேலே அனுப்பி, கீழே இறக்கி, பாதி வழியில் நிறுத்திப் பார்த்து, அதற்கப்புறம்தான் கையெழுத்து. முப்பத்தாறு வருடமாக அவள் அப்படித்தான் கையெழுத்துப் போட்டு வருகிறாள். அவள் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் எதுவும் யாரையும் கைவிட்டதில்லை. மனிதர்களைப் பற்றி அப்படிச் சொல்ல அவளுக்கு வாய்ப்புக் கிடைத்ததில்லை.

கட்டடங்களில் அவளுக்கு லிஃப்டம்மா என்று பெயர். பயிற்சிக்குச் சேர்ந்தபோது வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். மேஸ்திரி முதல் நாள் இருபத்தைந்து கிலோ கட்டியைக் காட்டி, "தூக்குவியா?" என்று கேட்டார். தூக்கினாள். "சரி, எறக்கு" என்றார். இறக்குவதுதான் கஷ்டம் என்று அப்போது தெரிந்தது. அன்று போன இடது சுண்டுவிரல் நகம் வளைந்துதான் திரும்பி முளைத்தது. இன்றும் மாவு பிசையும்போது ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பயிற்சியில் கொடுத்த பாடப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. கதவில்லாத லிஃப்ட். ஒன்றன்மேல் ஒன்றாகக் கூண்டுகள் சங்கிலியில் கோத்து, ஒருபக்கம் ஏறிக்கொண்டே, மறுபக்கம் இறங்கிக்கொண்டே இருக்கும். நிற்காது. பட்டன் கிடையாது. நகரும்போதே ஏறி நகரும்போதே இறங்க வேண்டும். மேலே உச்சிக்குப் போன கூண்டு பக்கவாட்டில் நகர்ந்து கீழே திரும்பும். இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை என்று மேஸ்திரி அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டார். அவள் தள்ளவில்லை. தூர தேசத்தில் ஒரு சின்ன ஊரின் பழைய நகராட்சிக் கட்டடத்தில் அப்படி ஒன்று இன்னும் ஓடுகிறது, புதன்கிழமை மட்டும் பார்வையாளரை ஏற்றுகிறார்கள் என்று ஐம்பத்தைந்தாவது வயதில் ஒரு நாள் போனில் படித்தாள். மறுநாள் விடுமுறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

கையில் இருந்த பணத்துக்குப் பத்து நாள் அந்தத் தேசத்தில் இருக்கலாம். லிஃப்ட் இருந்த ஊர் பதினோராவது நாள். போகவர ரயில், ஒரு நாள் அறை, நுழைவுச் சீட்டு. சாப்பாட்டில் கைவைத்து, நினைவுப் பொருள் எதுவும் வாங்குவதில்லை என்று முடிவுசெய்து, அதையும் உள்ளே நுழைத்துவிட்டாள். மூச்சு விடக்கூட இடமில்லாத கணக்கு. அறைக்கும் ரயிலுக்கும் முன்கூட்டியே கார்டில்தான் கட்ட வேண்டும் என்று இருந்தது. அங்கேதான் அத்தான் வந்தார்.

அக்காவும் அத்தானும் அதே கட்டடத்தில் நான்காவது மாடி. அவள் தரைத்தளம். அத்தான் வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்றது அவருக்கு இன்னும் முழுதாகத் தெரியாது.

"உன் கார்டை வெளிநாட்டுல தேய்ச்சா நூத்துக்கு மூணரை தனியா எடுத்துப்பான்" என்றார் காபியை ஆற்றிக்கொண்டே. "அறை, ரயிலு, சாப்பாடு, தண்ணி பாட்டிலு, எல்லாத்துக்கும். கூட்டிப் பாரு."

கூட்டிப் பார்த்தாள். பதினோராவது நாள் அப்படியே காணாமல் போயிருந்தது.

"பேசாம நாங்க டூர் போற குரூப்போட வந்துடு. பன்னெண்டு பேர், ஒரு பஸ்ஸு, ஒரு கைடு. தலைவலியே இல்ல. அட்வான்ஸ் அடுத்த மாசம் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணும்."

"அந்த ஊருக்குப் போவாங்களா அத்தான்?"

"எந்த ஊரு?"

"லிஃப்ட் இருக்கிற ஊரு."

அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "முப்பத்தாறு வருஷமா லிஃப்டோட குப்பை கொட்டினது போதாதாடி? சமையல்காரன் லீவு போட்டுட்டு அடுப்பு பாக்கப் போவானா?"

"நல்ல அடுப்பா இருந்தா போவான்" என்றாள் இவள். "அந்த மூணரை எடுக்காத கார்டு கிடையாதா அத்தான்?"

"என் சர்வீஸ்ல நான் பாத்ததில்ல. அப்படி ஒருத்தன் சொன்னான்னா வேற எங்கேயோ கைவைக்கப் போறான்னு அர்த்தம்."

"அப்ப ஏத்திப் பாத்துட்டாப் போச்சு" என்றாள்.

"எதை?"

"இரும்பை."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா, "என்னைப் பாக்காதீங்க, எங்க வீட்டுல எல்லாரும் இப்படி இல்ல" என்றாள்.

ஏற்கெனவே இருந்த சம்பளக் கார்டு ஒன்று. இரண்டாவது, விமானப் படம் போட்ட கார்டு. கடைத்தெரு வங்கியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் அதைப் பற்றிச் சொல்லும்போது அவள் கண்ணே விமானம் ஏறியது. விமான நிலையத்தில் சோபா, சோபா பக்கத்தில் இலவச ஜூஸ், செலவழித்தால் பாயின்ட்.

"வெளிநாட்டுல தேய்ச்சா எவ்வளவும்மா பிடிப்பீங்க?"

"பாயின்ட் வரும் மேடம்."

"வர்றதைக் கேக்கல. போறதைக் கேட்டேன்."

அந்தப் பெண் கையேட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தில் தேடி, நூற்றுக்கு இரண்டு என்று சின்னக் குரலில் சொன்னாள். ஆண்டுக் கட்டணம் தனி. சரி, இதையும் ஏற்றிப் பார்க்கலாம் என்று வாங்கிக்கொண்டாள். பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம், கட்டணம் கிடையாது என்று எழுதி வாங்கிக்கொண்டாள்.

மூன்றாவதை ஒரு சின்ன வங்கி தபாலில் அனுப்பியது. சாம்பல் நிறம். படமில்லை, பளபளப்பில்லை, பாயின்ட் இல்லை. கூட வந்த தாளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் என்ற இடத்துக்கு எதிரே ஒரு சுழி. அவ்வளவுதான். பார்க்க ரேஷன் கார்டைவிடச் சுமாராக இருக்கிறது என்று அக்கா சொன்னாள்.

எதை ஏற்றிப் பார்ப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. அந்த நகராட்சிக் கட்டடத்தின் இணையக் கடையில் நிற்காத லிஃப்டின் படம் போட்ட அஞ்சலட்டை விற்றார்கள். ஒரே விலை. ஞாயிற்றுக்கிழமை மதியம், பத்து நிமிட இடைவெளிக்குள், மூன்று கார்டிலும் ஒவ்வொன்று வாங்கினாள். ஒரே எடை, ஒரே உயரம், ஒரே நேரம். வித்தியாசம் வந்தால் அது கார்டின் வித்தியாசம்.

பணம் கட்டும்போது ஒவ்வொரு முறையும் திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்து, அவர்கள் பணத்திலா உங்கள் பணத்திலா என்று கேட்டது. முதல் இரண்டு முறை அவள் ஒன்றையும் மாற்றாமல், ஏற்கெனவே குறி போட்டிருந்த அவர்கள் பணத்திலேயே விட்டுவிட்டாள். மூன்றாவது முறை அக்கா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம பணத்துலயே கட்டலாங்கிறான்டி. நல்லவனா இருக்கான். அமுக்கு."

அமுக்கினாள்.

புதன்கிழமை மூன்று கணக்கிலும் தொகை ஏறியது. வாங்கிய நாளின் மாற்று விலைப்படி நானூற்று ஒன்று வர வேண்டும். சம்பளக் கார்டில் நானூற்றுப் பதினைந்து. விமானக் கார்டில் நானூற்று ஒன்பது. சாம்பல் கார்டில் நானூற்று இருபத்தைந்து.

அத்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி பார்த்தார். அவர் முகத்தில் வங்கி திறந்திருந்தது. "நான் சொல்லல? சுழி போட்டவன்தான் அதிகமா எடுத்திருக்கான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸைக் கட்டிடு. இன்னும் ஒன்பது நாள் இருக்கு."

அன்று வேலைக்குப் போன இடத்தில் இரண்டாவது மாடிக்காரர் ஒருவர் அவளை நிறுத்தி, லிஃப்ட் சரியில்லை, கீழே போகக் கூப்பிட்டால் மேலே தூக்கிக்கொண்டு போகிறது என்றார். அவள் வாய் பழக்கத்தில் கேட்டது: "எந்தப் பட்டனை அமுக்குனீங்க?"

"ரெண்டையும்தான். சீக்கிரம் வரட்டுமேன்னு."

"மேல, கீழன்னு ரெண்டையும் கேட்டா அது மொதல்ல எது வசதியோ அதைச் செய்யும். மிஷின் மேல தப்பில்ல சார்."

மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்து சாம்பல் கார்டின் வங்கிக்குப் போன் செய்தாள். கோபம் இருந்தது. சுழி என்று எழுதிவிட்டு இருபத்துநாலு எடுத்திருக்கிறீர்களே, இது எந்த ஊர் சுழி என்று கேட்டாள். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். விசைப்பலகை தட்டும் சத்தம் வந்தது.

"மேடம், நாங்க ஒண்ணும் எடுக்கல. எங்ககிட்ட வரும்போதே நம்ம பணமா மாறி, நானூத்தி இருபத்தஞ்சாத்தான் வந்திருக்கு. பணம் கட்டும்போது ஒரு பெட்டி வந்திருக்குமே, அவங்க பணமா, நம்ம பணமான்னு. நீங்க எந்தப் பட்டனை அமுக்குனீங்க?"

மோட்டார் சுற்றி நின்றது. யாரோ மூன்றாவது மாடியில் இறங்கினார்கள்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியவில்லை. "நம்ம பணம்னுதாம்மா அமுக்குனேன். எங்க அக்கா சொன்னா."

"அப்படி அமுக்குனா கடைக்காரங்க பக்கத்துலயே மாத்திடுவாங்க மேடம். அவங்க வெச்சதுதான் விலை. பாக்க நம்ம பணமா இருக்கும், அதான் எல்லாரும் ஏமாந்துடுறாங்க. எப்பவும் அவங்க பணத்தையே அமுக்குங்க. மாத்துற வேலைய எங்ககிட்ட விடுங்க."

"உனக்கு எத்தனை வருஷம் சர்வீஸும்மா?"

"ஆறு மாசம் மேடம்."

"நல்லா வருவ" என்றாள்.

போனை வைத்த கையோடு அங்கேயே உட்கார்ந்து நான்காவது அஞ்சலட்டையை வாங்கினாள். சாம்பல் கார்டு. பெட்டி எழுந்தது. அவர்கள் பணம். வளைந்த நகமுள்ள சுண்டுவிரலாலேயே அமுக்கினாள்.

வியாழக்கிழமை தொகை ஏறவில்லை. அடுத்த திங்களும் செவ்வாயும் ஏறவில்லை. அக்கா வந்து பயணத்துக்கு ஸ்வெட்டர் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, "குரூப்ல ஒரு சீட்டுதான் பாக்கியாம்டி" என்றாள். இவள் எண்ணெய்த் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். கெடுவுக்கு முந்தைய நாள், வியாழன் காலை பல் தேய்க்கும்போது போன் அதிர்ந்தது. அந்த அட்டை வாங்கிய நாளின் விலைப்படி நானூற்று இரண்டு வர வேண்டும். நானூற்று இரண்டு வந்திருந்தது.

வாயில் நுரையோடு நான்கு மாடியும் படியேறினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. அத்தான் கதவைத் திறந்தார். போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் படித்தார். கண்ணாடியை ஏற்றி இறக்கவில்லை.

"சரிதான்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் முதல் தடவை கேட்கிறாள்.

விமானக் கார்டைத் திருப்பிக் கொடுத்தபோது கண்ணாடித் தடுப்புப் பெண், "சோபா இருந்ததே மேடம்" என்று வருத்தப்பட்டாள். "எனக்கு நின்னே பழக்கம்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தத் தேசத்தில் பத்து நாளும் அவள் போகாத இடமில்லை. எல்லா ஊரிலும் எல்லாக் கடையிலும் மிஷின் அதே கேள்வியைக் கேட்டது. ஓரிடத்தில் சாப்பாட்டுக் கடைக்காரர் அவளுக்கு உதவுவதாக நினைத்து அவரே அமுக்கப் போனார். அவள் மிஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு கட்டணமும் ஏறவில்லை. பத்தாம் நாள் மாலை கூட்டிப் பார்த்தபோது பதினோராவது நாள் முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

நகராட்சிக் கட்டடத்தின் நுழைவுச் சீட்டு மேஜையில் இருந்த பெண்மணி மிஷினை நீட்டினாள். இரண்டு வரிகள். கீழ் வரி, அவர்கள் பணம். போன் அதிர்ந்தது. சரியான தொகை.

சத்தம்தான் முதலில் வந்தது. சங்கிலி பல்சக்கரத்தில் ஏறும் சத்தம், நிதானமாக, அவசரமே இல்லாமல். கதவில்லாத இரண்டு வாசல்கள். இடதுபக்கம் கூண்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. வலதுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தன. அவளுக்கு முன்னால் நின்ற ஓர் இளைஞன் காலை நீட்டுவதும் இழுப்பதுமாக இருந்தான். அவள் மூன்று கூண்டுகளைப் போகவிட்டுத் தாளத்தைப் பிடித்துக்கொண்டாள். நான்காவதில் ஏறினாள்.

தரை நழுவிக் கீழே போனது. ஒவ்வொரு மாடியாக வந்து போனது. யாரோ ஒருவரின் காலணி, பிறகு முழங்கால், பிறகு முகம். கடைசி மாடியும் கடந்தது. இருட்டு. அவள் அண்ணாந்து பார்த்தாள். ஓர் ஆளைவிடப் பெரிய சக்கரம் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. மேஸ்திரி தள்ளிய பக்கத்தில் இது தெரியவில்லை. கிரீஸ் வாசனை அடித்தது. வீட்டில் அவள் சட்டையில் அடிக்கும் அதே வாசனை. கூண்டு ஒரு நொடி தயங்கியதுபோல் பக்கவாட்டில் நகர்ந்தது, கவிழவில்லை, நேராகவே நின்று இறங்க ஆரம்பித்தது. ஒருவரும் பார்க்காத அந்த இடத்தில் அவள் கூண்டின் சுவரில் உள்ளங்கையை வைத்து, நல்ல மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல் இரண்டு தட்டுத் தட்டினாள்.

நான்கு சுற்று முடித்து வெளியே வந்தபோது போன் அடித்தது. வேறொரு ஊரில், குரூப் பஸ்ஸில் இருந்து அத்தான்.

"ஏம்மா, என் கணக்குல ஒவ்வொரு கடைக்கும் தாறுமாறா ஏறியிருக்கு. நூத்துக்கு ஆறு, ஏழுன்னு வருது. மூணரைதானே வரணும்? நம்ம பணம்னு காட்டுச்சேன்னு நம்பித்தானே..."

பின்னால் அக்கா சிரிப்பது கேட்டது.

"எந்தப் பட்டனை அமுக்குனீங்க அத்தான்?" என்று அவள் கேட்டாள்.

அந்தப் பக்கம் பஸ் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. ஊருக்கு வந்ததும் அவர் கார்டையும் ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று சொல்லிப் போனைப் பையில் போட்டாள். கூண்டுகள் வந்துகொண்டிருந்தன. அந்த இளைஞன் இன்னும் காலை நீட்டிக்கொண்டு நின்றான். அவள் அவனைத் தாண்டிப்போய், இந்தத் தடவை தாளம் பார்க்காமல், நடந்த நடையிலேயே ஏறினாள்.